கருங்கல் கோட்டை ஏன் ஒழுகியது?

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், டீன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில், காசில் ட்ரோகோ என்றொரு கோட்டை நிற்கிறது. பார்த்தால் எழுநூறு எண்ணூறு வருடப் பழசு என்று தோன்றும். உண்மையில் 1911-ல் அடிக்கல் நாட்டி 1930-ல் முடித்த கட்டடம் அது. இங்கிலாந்தில் கடைசியாகக் கட்டிய கோட்டை என்று சொல்வார்கள். வடிவமைத்தவர் எட்வின் லுட்யன்ஸ். ‘லுட்யன்ஸ் டெல்லி’ என்று அரசியல் செய்திகளில் அடிபடுகிறாரே, அதே ஆள்தான்.

இந்தக் கோட்டை தொடக்கத்திலிருந்தே ஒழுகியது. இப்போது அதைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, ஒழுகலை நிறுத்துவதற்காக மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பவுண்டு செலவழித்திருக்கிறது. இதைப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. சுவர்கள் அடிக்கணக்கில் தடிமனான கருங்கல். கட்டியவர் தன் காலத்தில் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். கட்டச் சொன்னவர் பெரும் பணக்காரர். அப்புறம் எப்படி ஒழுகும்?

வேலையில் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. மழைநாட்டில் ஒரு வீட்டுக்கு எவையெல்லாம் முகத்தைக் கொடுக்கின்றனவோ, அவற்றில் பெரும்பாலானவை மழையைச் சமாளிக்க வந்தவை. கோட்டை மாதிரித் தெரியவேண்டும் என்பதற்காக அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டால், கழற்றிய இடத்தில் தண்ணீர் நுழையும். ட்ரோகோவில் நடந்தது அதுதான். விளங்கிக்கொள்ள, அந்தக் காலத்து நாட்டுப்புற மாளிகை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

நாட்டுப்புற மாளிகை: ஒரு சின்ன அறிமுகம்

‘கன்ட்ரி ஹவுஸ்’ என்பதைக் கிராமத்து வீடு என்று எடுத்துக்கொண்டால் தப்பு. பெரிய நிலப்பரப்பின் நடுவே, அந்த நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பம் வாழும் மாளிகை அது. சுற்றிலும் குத்தகைதாரர்களின் பண்ணைகள் இருக்கும். குத்தகைப் பணத்தில்தான் மாளிகையின் அடுப்பு எரியும், கூரை பழுதுபார்க்கப்படும், மகனுக்குப் படிப்பும் மகளுக்குக் கல்யாணமும் நடக்கும்.

1870களுக்குப் பிறகு இந்தக் கணக்கு உடைந்தது. ரயிலும் நீராவிக் கப்பலும் அமெரிக்கச் சமவெளிக் கோதுமையைக் குறைந்த செலவில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து கொட்டின. தானிய விலை விழுந்தது, கூடவே குத்தகையும் விழுந்தது. 1894-ல் இறந்தவர் சொத்தின் மீதான வரியும் கடுமையானது. பழைய ஜமீன் குடும்பங்கள் புதிதாகக் கட்டுவதை விட்டுவிட்டு, இருப்பதைக் காப்பாற்றப் பாடுபட்டன.

அந்த இடத்துக்கு வேறு வகை ஆட்கள் வந்தார்கள்: மளிகைக்கடைச் சங்கிலி நடத்தியவர்கள், வங்கிக்காரர்கள், பத்திரிகை முதலாளிகள், ஆலை அதிபர்கள். இவர்களுக்கு நிலத்திலிருந்து வருமானம் தேவையில்லை. வெள்ளிக்கிழமை மாலை லண்டனில் ரயிலேறி, திங்கள் காலை திரும்ப ஒரு வீடு இருந்தால் போதும். ஆயிரக்கணக்கான ஏக்கர் வேண்டாம், ஆனால் அழகான தோட்டம் வேண்டும். புதிதாகக் கட்டியதாக இருக்கவேண்டும், பார்வைக்குப் பரம்பரை வீடு மாதிரித் தெரியவேண்டும். மின்விளக்கும் வெந்நீர்க் குழாயும் மோட்டார் கொட்டகையும் வேண்டும், ஆனால் அவை கண்ணில் படக்கூடாது. இந்த முரணான ஆசையைத் திருப்திப்படுத்துவதே 1890களிலிருந்து 1914 வரை ஆங்கிலக் கட்டடக் கலைஞர்களின் முக்கியமான பிழைப்பு.

லுட்யன்ஸ் அதில் கெட்டிக்காரர். 1897-ல் ‘கன்ட்ரி லைஃப்’ இதழைத் தொடங்கிய எட்வர்ட் ஹட்சன் அவருடைய வாடிக்கையாளர். சோனிங் என்ற ஊரில் டீனரி கார்டன் என்ற வீட்டை லுட்யன்ஸிடம் கட்டிக்கொண்டவர். லுட்யன்ஸின் வீடுகள் அந்த இதழில் படங்களோடு வந்தன. பணக்காரர்கள் அந்த இதழைப் புரட்டினார்கள். விளம்பரம் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை.

இந்த மாளிகைகளுக்கு மூன்று வேடங்கள் இருந்தன:

1. ஊர்ப்புற மரபு. அந்தந்த வட்டாரத்துச் செங்கல், ஓடு, ஓக் மரம், உயரமான புகைபோக்கிகள். லுட்யன்ஸின் சர்ரே வீடுகள் பெரும்பாலும் இந்த வகை.
2. செவ்வியல் பாணி. ரோமானிய, இத்தாலியத் தூண்களும் அளவு ஒழுங்கும். 1906-ல் யார்க்‌ஷயரின் இல்க்லியில் அவர் வரைந்த ஹீத்கோட் இதற்கு உதாரணம்.
3. கோட்டை. இது அபூர்வம். செலவு அதிகம், வசதி குறைவு. ஹட்சனுக்காக லிண்டிஸ்ஃபார்ன் தீவில் பழைய கோட்டை ஒன்றை வீடாக மாற்றிக் கொடுத்திருந்தார் லுட்யன்ஸ். ஆனால் அது ஏற்கெனவே இருந்த கோட்டை. புதிதாக ஒன்றைக் கட்டுவது வேறு விஷயம்.

சாதாரண ஆங்கில வீடு மழையை எப்படித் தள்ளுகிறது

சர்ரேயில், தோட்டக்கலைஞர் கெர்ட்ரூட் ஜெக்கிலுக்காக 1896-97-ல் லுட்யன்ஸ் கட்டிய மன்ஸ்டெட் வுட் வீட்டின் படத்தைத் தேடிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது கூரை. செங்குத்தாகச் சரிந்து, சில இடங்களில் தரைத்தளச் சன்னலின் தலைவரைக்கும் இறங்கி வரும். அந்தக் கூரை அழகுக்காக மட்டும் இல்லை. இங்கிலாந்தின் மழை, கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழையும் இல்லை. நாள்கணக்கில் தூறும், காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும், சுவர் காய்வதற்குள் மறுபடி தூறும். அதை எதிர்கொள்ள வீட்டில் ஐந்து உறுப்புகள் உண்டு.

1. சரிவுக் கூரை. தண்ணீர் நிற்க இடமே கொடுக்காது. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பதால், வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கினாலும் எதுவும் கிழியாது.
2. இறவாணம். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். சுவருக்குக் குடை மாதிரி.
3. மழைநீர்த் தொட்டியும் வடிகுழாயும். கூரைத் தண்ணீரை ஓரத்தில் பிடித்து, சுவருக்கு வெளியே தரைக்கு இறக்கிவிடும். அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்தே பார்த்துக் குத்திவிடலாம்.
4. சன்னலின் அடிக்கல். சுவரைவிடச் சற்று வெளியே துருத்தி நிற்கும். அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் கீறியிருப்பார்கள். கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு சுவரை நோக்கி ஊர்ந்து வரும் துளி அங்கே அறுந்து கீழே விழுந்துவிடும். ஒரு விரல் அகலப் பள்ளம்தான், ஆனால் ஓதம் ஏறாமல் சுவரைக் காப்பது அது.
5. சுவர். செங்கல்லோ மணற்கல்லோ கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்தும் அப்படித்தான்.

ஆங்கில வீடு என்றதும் மனசில் வரும் படமே இந்த உறுப்புகளால் ஆனது. இப்போது ஒரு கோட்டையை நினைத்துப் பாருங்கள். மேலே தட்டை, பல் பல்லாகக் கைப்பிடிச்சுவர், நேராக இறங்கும் மொட்டைச் சுவர், அதில் வெட்டி எடுத்த மாதிரி சன்னல் ஓட்டைகள். ஐந்தில் முதல் நான்கும் அங்கே இல்லை. ஐந்தாவதும் வேறு குணத்தோடு இருக்கும், அதைப் பிறகு பார்ப்போம்.

இங்கே ஒரு குறிப்பு. உண்மையான பழைய கோட்டைகள் இப்படி இருக்கவில்லை. கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் மறைவாக, ஈயத் தகடு வேய்ந்த தாழ்சரிவுக் கூரைகள் பலவற்றில் இருந்தன. பிற்காலத்தில் அந்த ஈயத்தை உரித்துக்கொண்டு போனார்கள், மரம் உளுத்து விழுந்தது, சுவர் மட்டும் மிஞ்சியது. இருபதாம் நூற்றாண்டு ஆட்களுக்குக் கோட்டை என்றாலே கூரை இழந்த இடிபாடுதான் மனத்தில் இருந்தது. ட்ரோகோ நகலெடுத்தது ஒரு வகையில் அந்த இடிபாட்டின் தோற்றத்தை.

தேயிலைப் பணமும் ஒரு நார்மன் பிரபுவும்

கட்டச் சொன்னவர் ஜூலியஸ் ட்ரூ. 1856-ல் பிறந்தவர். இளம் வயதில் சீனாவில் தேயிலை வாங்கும் வேலை பார்த்தார். திரும்பி வந்து 1880களில் கூட்டாளியோடு மளிகைக்கடைகளைத் திறந்தார். ‘ஹோம் அண்ட் காலனியல் ஸ்டோர்ஸ்’ என்று வளர்ந்த அந்தச் சங்கிலியின் முக்கியச் சரக்கு தேயிலை. அதிலும் சீனத் தேயிலையைவிட இந்தியத் தேயிலையைத்தான் முன்னால் வைத்து விற்றார்கள். கோட்டை நிற்கும் டார்ட்மூர் மேட்டுநிலத்து ஓரத்தின் கருங்கல் ஒவ்வொன்றிலும் இந்திய மலைத்தோட்டக் கூலிகளின் உழைப்பு கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

33 வயதில் ட்ரூ அன்றாட வியாபாரத்திலிருந்து ஒதுங்கிவிட்டார். கையில் பணம் இருந்தது, பரம்பரை இல்லை. வம்சாவளி ஆராய்ச்சி செய்தவர்கள் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தார்கள். ட்ரோகோ என்ற நார்மன் பிரபுவின் (பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் நார்மன்கள்) வழியில் வந்தவர் நீங்கள், ட்ரூஸ்டைன்டன் என்ற ஊரே அவர் பெயரால் வந்தது என்றார்கள். உண்மையோ இல்லையோ, ட்ரூ நம்பினார். அந்த ஊர்த் தேவாலயத்தில் அவருடைய உறவினர் ஒருவரே பாதிரியாராகவும் இருந்தார். 1910 வாக்கில் அங்கே நிலம் வாங்கி, மூதாதையின் மண்ணில் மூதாதையின் பெயரில் கோட்டை கட்டுவது என்று முடிவெடுத்தார். கோட்டைக்கு 50,000 பவுண்டு, தோட்டத்துக்கு 10,000 பவுண்டு என்று ஒதுக்கினார்.

லுட்யன்ஸுக்கு இது முழுச் சந்தோஷம் தரவில்லை. கோட்டைக்குப் பதிலாக, நல்ல பெரிய அறைகள் உள்ள மனசுக்குப் பிடித்த வீடாகக் கேட்டிருக்கக் கூடாதா என்று மனைவி எமிலிக்கு எழுதிய கடிதத்தில் அலுத்துக்கொண்டார். (எமிலி, அடையாறு பிரம்மஞான சபையோடும் ஜே. கிருஷ்ணமூர்த்தியோடும் நெருக்கமாக இருந்தவர் என்பது தமிழ் வாசகர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.) ஆனாலும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

சுருங்கிக்கொண்டே போன கோட்டை

முதல் வரைபடம் பிரம்மாண்டமானது. நடுவே முற்றம், அதைச் சுற்றிக் கட்டடத் தொகுதிகள், பெரிய மண்டபம், முன்னால் வாயிற்கோபுரம். இன்று நிற்பது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

குறைந்ததற்கு ஒரு காரணம் சுவர். செங்கல் வீடுகளில் இரண்டு மெல்லிய சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை அப்போதே பழக்கத்துக்கு வந்திருந்தது. வெளிச்சுவரைத் தாண்டி வரும் தண்ணீர் அந்த வெற்றிடத்தில் வழிந்து இறங்கிவிடும், உள்சுவரைத் தொடாது. ட்ரூவுக்கோ கோட்டை என்றால் திடமான கருங்கல், தட்டினால் உள்ளே டொக்கென்று கேட்கக்கூடாது. சுவர் தடித்தது, செலவு ஏறியது. அதற்கு ஈடாகக் கட்டடத்தின் பரப்பைக் குறைத்தார்கள். இது முழுக்க ட்ரூவின் பிடிவாதம் என்று எனக்குத் தோன்றுகிறது. போலியான கோட்டையை நேர்மையாகக் கட்டவேண்டும் என்ற விசித்திரமான பிடிவாதம்.

வாயிற்கோபுரம் எப்படித் தெரியும் என்று காட்ட, முழு அளவில் மரத்தாலேயே ஒரு மாதிரி செய்து நிறுத்திப் பார்த்தார் லுட்யன்ஸ். ட்ரூ வேண்டாம் என்றுவிட்டார். பெரிய மண்டபமும் கைவிடப்பட்டது. அதற்காகக் கட்டிய அடித்தளம் பின்னாளில் சிறு தேவாலயமாக மாறியது.

அப்புறம் முதல் உலகப் போர். கல்தச்சர்கள் படைக்குப் போனார்கள், வேலை ஆமை வேகத்துக்கு வந்தது. 1917-ல் ட்ரூவின் மூத்த மகன் ஏட்ரியன் பெல்ஜியப் போர்முனையில் இறந்தார். யாருக்காகப் பரம்பரைக் கோட்டை கட்டினாரோ அந்த வாரிசு போனபின், ட்ரூவுக்குப் பழைய வேகம் வரவில்லை. 1920களில் உடல்நிலையும் கெட்டது. லுட்யன்ஸோடு பேசி முடிக்கும் பொறுப்பு இரண்டாவது மகன் பேசிலின் கைக்குப் போனது. கட்டடம் 1930-ல் முடிந்தது, ட்ரூ 1931-ல் இறந்தார்.

உள்ளே: வீடு எங்கே தொடங்குகிறது

ஒழுகுவதைப் பற்றியே பேசினால் இந்தக் கட்டடத்துக்கு அநியாயம் செய்தவர்களாவோம். லுட்யன்ஸின் மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்றாக இதைப் பலரும் சொல்வதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது.

வாசலில் நிஜமாகவே ஏறி இறங்கும் இரும்புக் கதவு, அதற்கு மேலே கல்லில் செதுக்கிய ட்ரூ குடும்பச் சிங்கம். உள்ளே நுழைந்தால் பூச்சு இல்லாத கருங்கல் சுவர்களும் வளைவுகளும். வரவேற்பறைக்குள் போனதும் சூழல் மாறிவிடும்: மரப்பலகை பொருத்திய சுவர், பல பக்கங்களிலிருந்தும் வெளிச்சம். கட்டடம் சரிவில் நிற்பதால், மாடிப்படி உணவறைக்கு மேலே ஏறாமல் கீழே இறங்குகிறது. இறங்கும்போது பக்கத்தில் கூரை உயரத்துக்கு ஒரு பெரிய சன்னல்.

சமையலறையைத் தனியாகச் சொல்லவேண்டும். பக்கச் சன்னல்களை நம்பாமல், உச்சியில் வட்டமாக ஒரு கண்ணாடித் திறப்பு வழியாக வெளிச்சத்தை இறக்கினார் லுட்யன்ஸ். அதற்கு நேர் கீழே, அதே வட்ட வடிவில் அவர் வரைந்த மேசை. வேலைக்காரர்கள் புழங்கும் இடத்துக்கும் முதலாளி அறைக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுத்திருக்கிறார். ஆனால் சமையலறைக்கும் உணவறைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால், சூடான சூப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அந்தக் கவனத்தை எவ்வளவு பாராட்டியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

வெளியே பன்னிரண்டாம் நூற்றாண்டு, உள்ளே லிஃப்ட், மின்சாரம். கீழே டீன் ஆற்றில் வைத்த இரண்டு சுழலிகள் கோட்டைக்கு மின்சாரம் கொடுத்தன. அறைகலன்களில் பல, ட்ரூ முன்பு சசெக்ஸில் வாங்கிய வாட்ஹர்ஸ்ட் ஹால் மாளிகையோடு சேர்ந்து வந்தவை. நொடித்துப்போன ஒரு ஸ்பானிய வங்கிக் குடும்பத்தின் தட்டுமுட்டுகள், அவர்களுடைய திரைச்சீலைகள் உட்பட.

தண்ணீர் நுழைந்த நான்கு வழிகள்

1. தட்டையான மேல்தளம்

கோட்டையின் மேல்தளம் கான்கிரீட். அதன்மேல் நீர் புகாமல் இருக்க அஸ்பால்ட் பூசினார்கள். அஸ்பால்ட் என்பது தாரைப் போன்ற பிட்டுமனோடு கல்மாவு கலந்து, சூடாக உருக்கிப் பரப்பும் கலவை. ஆறினால் இணைப்பே இல்லாத ஒரே தோலாக இறுகிவிடும். இணைப்பு இல்லை என்பதால் ஒழுகாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. புதுப்பொருள் என்பதால் அதன் குணம் யாருக்கும் முழுதாகப் பிடிபட்டிருக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால் எந்தத் தளமும் அசையாமல் இருப்பதில்லை. கான்கிரீட் ஒரு டிகிரி சூடேறினால் அதன் நீளத்தில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு விரியும். 20 மீட்டர் நீளத் தளம், கடும் குளிர் இரவுக்கும் கோடை மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 8 மில்லிமீட்டர் நகரும். கேட்க அற்பம். ஆனால் குளிரில் அஸ்பால்ட் கண்ணாடி மாதிரி விறைத்து நிற்கும், அதனால் தளத்தோடு கூடவே நகரமுடியாது, கீறிவிடும். தளம் சுவரைச் சந்திக்கும் ஓரத்தில் இது இன்னும் மோசம். கருங்கல் ஒரு அளவுக்கு விரியும், கான்கிரீட் வேறு அளவுக்கு விரியும், நடுவில் மாட்டிக்கொண்ட தோல் கிழியும்.

பழைய கோட்டைகளின் ஈயக் கூரையும் விரிந்து சுருங்கியதுதான். ஆனால் அது சிறுசிறு தகடுகளாக, ஓரங்களை மடித்துச் சொருகியதாக இருந்தது. ஒவ்வொரு தகடும் தன் பாட்டுக்கு நகர இடம் இருந்தது.

மேல்தளத்தில் கீறல் விழுந்தால் ஒழுகும் இடம் கீறலுக்கு நேர் கீழே இருக்கும் என்றும் சொல்லமுடியாது. தண்ணீர் கான்கிரீட்டுக்குள் படுத்து ஓடி, எங்கேயோ ஒரு சுவர் மூலையில் தலைகாட்டும். பழுது பார்ப்பவரைப் பைத்தியமாக்குவது இதுதான்.

2. கருங்கல் சுவர்

கருங்கல் தண்ணீரைக் குடிக்காது, அதனால் சுவர் ஈரமாகாது என்று நினைப்போம். பாதி சரி. கல் குடிக்காது என்பதால் சுவரில் அடிக்கும் மழை அத்தனையும் கல்லின்மேல் வழிந்து, இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள சாந்துக்கு வந்து சேரும். செங்கல் சுவரில் கல்லும் சாந்தும் பங்கிட்டுக்கொள்ளும் சுமையை இங்கே சாந்து மட்டும் தூக்கவேண்டும். அதில் மயிரிழை அளவுக்கு விரிசல் இருந்தாலும் காற்று தண்ணீரை உள்ளே தள்ளும். உள்ளே போனபின் தடிமனான சுவர் அதைச் சுலபத்தில் காயவிடாது.

இன்னொன்று: ட்ரோகோவின் சுவர்கள் மேலே போகப்போகச் சற்று உள்வாங்குகின்றன. கோட்டைக்குக் கனமான தோற்றம் தருவது அந்தச் சாய்வுதான், லுட்யன்ஸின் கைவண்ணம் தெரியும் இடம். ஆனால் சாய்ந்த சுவரில் விழும் மழை உதிராது, ஒட்டிக்கொண்டே இறங்கும்.

3. சன்னல்கள்

900-க்கும் மேற்பட்ட சன்னல்கள். அவற்றில் சிறுசிறு துண்டுகளாக 13,000 கண்ணாடிகள். சுவரின் வழவழப்பான பரப்பு கெடக்கூடாது என்பதற்காகத் துருத்தி நிற்கும் அடிக்கல் வைக்கவில்லை. மேலேயிருந்து வழியும் தண்ணீரைத் தள்ளிவிட எதுவும் இல்லாததால், அது நேராகச் சட்டத்துக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இடுக்குக்கு வரும். கண்ணாடியும் உலோகச் சட்டமும் கல்லும் சந்திக்கும் ஒவ்வொரு கோடும் ஒரு வாசல்.

4. மறைந்த வடிகுழாய்

வெளிச்சுவரில் குழாய் தெரிந்தால் கோட்டை மாயை கலைந்துவிடும். ஆகவே வெளியே தொட்டியும் இல்லை, குழாயும் இல்லை. மேல்தளத்துத் தண்ணீர் கட்டடத்தின் உள்பக்கமாகவே இறங்கவேண்டும். உள்ளே ஓடும் குழாய் அடைத்துக்கொண்டாலோ விரிசல் விட்டாலோ, ஓதம் ஏறிய பிறகுதான் தெரியவரும்.

இந்த நான்கில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். நான்கும் சேர்ந்து, டார்ட்மூர் ஓரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 அடி உயரத்தில், அட்லாண்டிக் காற்று நேராக வந்து மோதும் பாறைமுனையில் அமைந்துவிட்டன. பழைய ஆட்கள் வீடு கட்ட ஒதுக்கும் இடம் அது. கோட்டைக்கு மட்டும்தான் அங்கே இடம்.

லுட்யன்ஸுக்கு இது தெரியாதா?

தெரியும். அதே ஆண்டுகளில் அவர் டெல்லியில் வேலை செய்துகொண்டிருந்தார். 1912-ல் முதல்முறை அங்கே போனார். இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் வைஸ்ராய் மாளிகை 1929-ல் முடிந்தது. புதுடெல்லியின் திறப்பு விழா 1931-ல் நடந்தது. ட்ரோகோவும் டெல்லியும் ஒரே காலத்தில் அவர் வரைபடப் பலகையில் கிடந்தவை.

டெல்லி மாளிகையின் படத்தைப் பார்த்தால் சுவரைச் சுற்றி நெடுக ஓடும் கல் விளிம்பு தெரியும். ‘சஜ்ஜா’ என்று வடக்கே சொல்வார்கள். முகலாய, ராஜபுத்திரக் கட்டடங்களிலிருந்து எடுத்துக்கொண்டது. வெயிலுக்கு நிழல், பருவமழைக்குக் குடை. அடர்ந்த அந்த நிழல்கோடுதான் மாளிகையின் தோற்றத்துக்கே உயிர் கொடுக்கிறது. ஆக, நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பின் பயனும் அவருக்குத் தெரியும், அதை அழகாக்கவும் தெரியும்.

ட்ரோகோவில் அதை அவர் வேண்டுமென்றே ஒதுக்கினார். விளிம்பு வைத்தால் சுவரில் நிழல் விழும், நிழல் விழுந்தால் கருங்கல் ஒற்றைப் பாறையிலிருந்து குடைந்ததுபோலத் தெரியாது. வாடிக்கையாளர் கேட்டது கோட்டை. கலைஞர் அதற்குமேல் ஒரு படி போய், பாறையோடு பாறையாக வளர்ந்த கோட்டை செய்தார். கண்ணுக்கு அது வெற்றி. அஸ்பால்ட்டை நம்பியதுதான் அந்தச் சூதாட்டத்தின் முதலீடு.

பழுதுபார்ப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்

1974-ல் ட்ரூ குடும்பம் கோட்டையை நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டில் கட்டிய கட்டடம் ஒன்றை அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது அதுவே முதல்முறை. கட்டடம் சட்டப்படி முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. சரி, சன்னலுக்கு அடிக்கல் வைத்து, மேலே ஓட்டுக்கூரை போட்டு, வெளியே குழாய் இறக்கிவிடலாமே என்றால் முடியாது. ஒழுகலுக்குக் காரணமான தோற்றத்தைக் காப்பதற்குத்தான் பாதுகாப்பே. நோயைத் தொடாமல் வைத்தியம் பார்க்கச் சொன்ன மாதிரி.

இடைப்பட்ட ஆண்டுகளில் செய்த மராமத்துகள் நிலைக்கவில்லை. 2010களில் முழுக் கட்டடத்துக்கும் சாரம் கட்டி, பெரிய வேலையைத் தொடங்கினார்கள். ஐந்தாண்டில் முடியும் என்று போட்ட திட்டம் அதைத் தாண்டி நீண்டது. செய்தவை இவை:

1. மேல்தளத்தில் இரண்டு அடுக்கு நெகிழ்வான படலம். அஸ்பால்ட் மாதிரி விறைக்காமல், தளம் நகர்ந்தால் கூடவே நீளும் வகை.
2. அந்தப் படலத்தைத் தளத்தின் ஓரத்தோடு நிறுத்தாமல், கைப்பிடிச்சுவரின் கற்களுக்கு அடியிலும் கொண்டுபோனது. இதற்காக 2,355 கருங்கற்களைப் பெயர்த்து இறக்கினார்கள். மொத்த எடை 680 டன்.
3. சன்னல்களைக் கழற்றி, பழுதுபார்த்து, மறுபடி பொருத்தியது.
4. சுவர்களின் கல் இடுக்குகளைச் சுரண்டிப் புதுச் சாந்து அடைத்தது. நீளவாக்கில் அளந்தால் 60 கிலோமீட்டர்.

இரண்டாவதில்தான் பணமும் காலமும் போயின. கல்லுக்குச் சராசரியாக 290 கிலோ. ஒவ்வொன்றும் ஒரே ஒரு இடத்துக்கென்று கொத்தியது, இடம் மாறினால் உட்காராது. இறக்கி, எது எங்கே இருந்தது என்று கணக்கு வைத்து, படலம் போட்டபின் அதே இடத்தில் ஏற்றவேண்டும்.

ஏற்றியாயிற்று. கீழே நின்று பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. படலம் எவ்வளவு நல்லதானாலும் அதற்கும் ஒரு ஆயுள் உண்டு. அது தீரும் நாளில் அடுத்த தலைமுறை அந்த 2,355 கற்களை மறுபடி இறக்கியாகவேண்டும்.